குடாநாட்டின் நல்ல தண்ணீரும் சவர்த் தண்ணீரும்: கிணற்றுக்குக் காசு அனுப்புமுன் அறிய வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு, உப்பாறு என்று நாம் ஆற்றின் பெயர் சொல்லி அழைப்பவை உண்மையில் கடல் உள்ளே புகுந்து கிடக்கும் நீரேரிகள். ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பான அந்த நிலத்தில் எமது முன்னோர் குடித்ததும் குளித்ததும் தோட்டம் செய்ததும் நிலத்தடி நீரை நம்பித்தான். அந்த நீர் இன்று கரையோர ஊர்களிலும் தீவகத்திலும் சவராகிக்கொண்டு வருகிறது. புலம்பெயர் நாடுகளில் உள்ள ஊர்ச் சங்கங்களுக்கு வரும் உதவிக் கோரிக்கைகளிலும் இது தெரிகிறது. முன்பெல்லாம் பள்ளிக்கூடக் கட்டடம், கோயில் திருப்பணி, வாசிகசாலை என்று வந்தன. இப்போது குழாய்க்கிணறு, நீர்த்தாங்கி, சுத்திகரிப்பு இயந்திரம் என்று வருகின்றன.

சங்கங்களின் கணக்கைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு இவை விலைமனுவாக வந்து சேரும். நாங்கள் வணிகம் படித்தவர்கள். விலைமனு நியாயமானதா, பற்றுச்சீட்டு உண்டா என்று பார்க்கத் தெரியும். அந்தக் கிணறு அயலிலுள்ள மற்றக் கிணறுகளை என்ன செய்யும் என்பதை எந்த விலைமனுவும் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நிலத்துக்குக் கீழே இருப்பது

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. வெடிப்பும் துளையும் குகையுமாக இருப்பதால் மாரி மழையின் ஒரு பகுதி நேரே கீழே இறங்கித் தங்குகிறது. அதே வெடிப்புகள் வழியாகச் சுற்றியுள்ள கடலின் நீரும் உள்ளே வருகிறது. கடல் நீர் நல்ல நீரை விட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே நல்ல நீர் அதன் மேலே, நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று இப்படிப்பட்ட பெரிய நீர்ப்படைகள் நான்கு உண்டு என்பது நீரியல் அறிஞர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

நாற்பது என்ற அந்த எண்ணை நினைவில் வைத்திருப்பது நல்லது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். கெய்பன், ஹேர்ஸ்பேர்க் என்ற இரு ஐரோப்பியர் நூறாண்டுகளுக்கு முன் தனித்தனியே கண்டறிந்த விதி இது. இதன் மறுபக்கம்தான் எமக்கு முக்கியம். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி குறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி மேலே ஏறும். மேலே தெரியும் குறைவு ஒரு அடிதான். கயிற்றை விட்டுப் பார்ப்பவருக்குக் கிணறு நிறைந்தே இருக்கும். சவர் தட்டும்போதுதான் விடயம் விளங்கும்.

புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. மேலே நல்ல நீர், ஆழத்தில் உப்பு நீர். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று சிறுவயதில் கேட்ட கதை பலருக்கு நினைவிருக்கும். எலுமிச்சம்பழம் எப்படியோ, சுண்ணாம்புக்கல்லுக்குள் நீர் ஓடும் வழிகள் இருப்பது உண்மை. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல நீர் ஊறுவதும் அந்த வழிகளால்தான். அதாவது, நாம் தேக்கி வைக்காத நீர் கரையில் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

வரவுப் பக்கம் மழை ஒன்றுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில், ஒரு பரப்புக் காணியில் ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் லிற்றர் மழை விழுகிறது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதில் ஒரு பங்கு ஆவியாகிறது, ஒரு பங்கு மரமும் பயிரும் குடிக்கின்றன, ஒரு பங்கு வெள்ளமாகக் கடலுக்கு ஓடுகிறது. மிஞ்சியதே கிணற்றுக்கு. குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குளங்களும் எண்ணற்ற கேணிகளும் தோண்டப்பட்டது அந்த ஓடும் பங்கை மறித்து நிலத்துக்குள் இறக்கத்தான். குளத்தை மூடிக் கடை கட்டிய ஒவ்வொரு இடத்திலும் அயல் கிணறுகளின் வரவு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

துலாவிலிருந்து பம்புக்கு

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இறைப்புக்கு ஓர் எல்லை இருந்தது: மனிதர் களைத்துப் போவார்கள். கிணறும் இரவில் ஊறிக்கொள்ளும். 1950களுக்குப் பின் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவியபோது அந்த எல்லை போய்விட்டது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு பொற்காலம் வந்தது. அந்தக் காசில் வீடு கட்டியவர்களும், பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களும் எங்கள் பெற்றோர் தலைமுறையில் ஏராளம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. இறைப்பு மட்டும் குறையவில்லை. விலை விழுந்தால் கூடுதலாகப் பயிரிட்டுத்தான் பழைய வருமானத்தை எட்ட முடியும், அதற்குக் கூடுதலாக இறைக்க வேண்டும்.

இப்போது தோட்டத்தோடு வீடும் சேர்ந்துவிட்டது. மேல்தாங்கியும் மின்மோட்டரும் இல்லாத புதுவீடு இல்லை. எம்மவர் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் பல, கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் ஆழக் குழாய்க்கிணறோடு நிற்கின்றன. வருடத்தில் மூன்று கிழமை விடுமுறைக்குப் போகும்போது திறப்பதற்காகத் தோண்டிய அந்தக் குழாய், நல்ல நீர்ப்படையைத் துளைத்து உப்பு நீர் வரை போயிருந்தால், பக்கத்து வீட்டுத் திறந்த கிணற்றுக்கும் உப்பு ஏற வழி திறந்து விட்டிருக்கும். இதைச் சொன்னால் சிலருக்கு மனத்தாங்கல் வரும். வந்தாலும் சொல்ல வேண்டிய விடயம்.

உப்பு முதலில் தின்பது இலாபத்தை

உவர்த்தன்மையை ஆய்வாளர்கள் மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். உப்புக் கூடினால் நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அலகு டெசிசீமன்ஸ். கடல் நீர் ஏறத்தாழ 50 அலகு. மண்ணின் கரைசலில் 4 அலகைத் தாண்டினால் அது உவர் நிலம் என்று வகைப்படுத்தப்படும்.

பயிர்கள் 4 வரை காத்திருப்பதில்லை. உலக உணவு விவசாய ஸ்தாபனம் வெளியிட்ட, உலகெங்கும் பயன்படும் அட்டவணைப்படி, வெங்காயம் 1.2 அலகிலேயே விளைச்சல் இழக்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 16 வீதம் குறையும். மிளகாய் இனத்துக்குத் தொடக்கம் 1.5, அதன்பின் அலகுக்கு 14 வீதம். தக்காளி 2.5 வரை தாங்கும், பிறகு அலகுக்கு ஏறத்தாழ 10 வீதம் இழக்கும். நெல் 3 வரை தாங்கும், பிறகு 12 வீதம். புகையிலைக்கு வேறொரு சங்கடம்: குளோரைட்டுக் கூடிய நீரில் வளர்ந்த இலை சரியாகப் பற்றி எரியாது. சுருட்டுக்கு அது உதவாது.

இந்த வீதங்களை விவசாய ஆய்வு என்று படித்துவிட்டுப் போகாமல் ஒரு குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்த்தோம். உதாரணத்துக்கு, ஒரு வெங்காயத் தோட்டத்தின் வரவு 100 ரூபா, விதை, உரம், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்த செலவு 70 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 30. மண்ணின் உவர் 3 அலகானால் விளைச்சல் 29 வீதம் குறைகிறது. வரவு 71. செலவு அதே 70, ஏனென்றால் குறைந்த விளைச்சலுக்காக உரக்கடைக்காரர் விலையைக் குறைக்கப் போவதில்லை. மிச்சம் ஒரு ரூபா. தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தோட்டம் பச்சையாகத்தான் தெரியும், பத்தில் ஏழு பங்கு விளைச்சல் இருக்கும். வீட்டில் ஒன்றும் இருக்காது. உவர் ஏறும் ஊர்களில் காணி தரிசாகுமுன்பே இளைஞர் கூலிவேலைக்கும், பிறகு வெளிநாட்டுக்கும் போகத் தொடங்குவதை இந்த ஒரு ரூபா விளக்குகிறது. விளைச்சல் புள்ளிவிபரத்தை மட்டும் வைத்து ஒரு கரையோரக் கிராமத்தின் நிலையை மதிப்பிடும் அறிக்கைகளை அதனால் நாங்கள் பெரிதாக நம்புவதில்லை. அடகுக் கடையில் இருக்கும் நகையையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நெல்லின் கதை கொஞ்சம் வேறு. குடாநாட்டில் நெல் மழையை நம்பிய காலபோகப் பயிர், கிணற்றை நம்பியதல்ல. அங்கே உவர் வருவது நீரேரிக் கரையால். கோடையில் பரவைக்கடல் வற்றும்போது மண்ணின் மேல் உப்புப் பூக்கும். முதல் மழை அதைக் கழுவி வடிகாலால் வெளியேற்ற வேண்டும். வடிகால் தூர்ந்திருந்தால் கழுவிய உப்பு வயலிலேயே நிற்கும். உவர் தாங்கும் நெல்லினமாக இலங்கை விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஏ.ரி. 354, கேரளக் கரையோரத்தின் பழைய பொக்காளி நெல்லின் வழிவந்தது. இனம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் எந்த நெல்லும் உப்புக்கு மெலிந்ததுதான். வடிகால் இல்லாத வயலுக்கு விதை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

இரண்டு தடுப்பணைகளும் முடியாத வாய்க்காலும்

மழைநீரைக் கடலுக்கு விடாமல் நீரேரிகளில் தேக்கினால் சுற்றியுள்ள நிலமும் கிணறுகளும் நாளடைவில் உவர் நீங்கும் என்பது பிரித்தானியர் காலத்திலேயே பேசப்பட்ட யோசனை. வடமராட்சி நீரேரி கடலோடு சேரும் தொண்டைமானாற்றிலும், உப்பாற்று நீரேரி யாழ்ப்பாணக் கடனீரேரியோடு சேரும் அரியாலையிலும் 1950களில் உவர்நீர்த் தடுப்பணைகள் கட்டப்பட்டன. மாரியின் முதல் வெள்ளத்தில் கதவைத் திறந்து உப்பு நீரை வெளியே விடுவது, பிறகு பூட்டிக் கடைசி மழையைத் தேக்குவது, கோடையில் கடல் உள்ளே வராமல் மறிப்பது: வேலை இவ்வளவுதான்.

இதைப் பெரிதாக்கியவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டம் வன்னியின் கனகராயன் ஆற்று வெள்ளத்தைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தது. ஆனையிறவு நீரேரிக்கு வந்து சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகும் அந்த வெள்ளத்தை அங்கே அணையிட்டு மறிப்பது, ஆனையிறவுப் பக்கத்தில் மேற்குக் கடலின் உப்பு உள்ளே வராமல் அடைப்பது, தேங்கும் நல்ல நீரை முள்ளியான் வழியாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்குள் விடுவது. 1960களில் வேலைகள் நடந்தன. சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தில் உடைந்தது, முள்ளியான் வாய்க்கால் முடிவுறவில்லை. பிறகு போர். தடுப்பணைகளின் கதவுகள் உக்கிப் போய், கடல் பழையபடி வந்து போகத் தொடங்கியது. போருக்குப் பின் தடுப்பணைகள் திருத்தப்பட்டன. வாய்க்கால் பற்றிய பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் எழும்பி அடங்குகிறது.

எமது கூட்டங்களில் இந்தத் திட்டத்தை ஒரு மந்திரம் போலச் சொல்பவர்கள் உண்டு. அது நல்ல திட்டந்தான். ஆனால் ஒரே ஒரு திட்டத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு எதிராக இரண்டு விடயங்கள் நிற்கின்றன. நீரேரிகள் ஆழமற்றவை, கோடை வெயிலில் பெருமளவு நீர் ஆவியாகிவிடும். மற்றது, அந்த நீரேரிகள் ஆளில்லாத வெற்றிடங்கள் அல்ல.

கதவின் சாவி யாரிடம்

நீரேரியில் இறால் பிடிப்பவருக்குக் கடல் உள்ளே வரவேண்டும். இறால் குஞ்சு கடலிலிருந்து வந்து நீரேரியில் வளர்ந்து திரும்பும் உயிர். கதவு பூட்டியே இருந்தால் அவருக்கு வலையில் ஒன்றும் இல்லை. கதவு திறந்தே இருந்தால் வயற்காரருக்கு உவர். ஆனையிறவு உப்பளமோ உவரில்லாமல் இயங்கவே முடியாது. போரில் அழிந்த அந்த உப்பளம் மீண்டும் இயங்குவதால் வேலை பெற்ற குடும்பங்களும் அதே கரையில்தான் இருக்கின்றன. தோட்டக்காரரின் கண்ணில் உப்பு எதிரி, உப்பளத் தொழிலாளிக்கு அதுவே சோறு. அண்மை ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகள் வேறு வந்து, பரவைக்கடலில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற தகராறைக் கூட்டியிருக்கின்றன.

இப்படியான முரண்பாட்டில் யாரும் தலையிடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வங்காளதேசத்தின் தென்மேற்குக் கரை நல்ல பாடம். உவர், வாழ்வாதாரம், கிராம அபிவிருத்தி மூன்றையும் சேர்த்து உலகிலேயே அதிகமாக ஆராயப்பட்ட கரைகளில் அதுவும் ஒன்று. 1960களில் அங்கே நெல்லைக் காக்க ஆற்றோரமெங்கும் அணைகள் கட்டி நிலத்தை வளைத்தார்கள். 1980களில் ஏற்றுமதி இறாலுக்கு விலை ஏறியபோது, அதே அணைகளை வெட்டி உப்பு நீரை உள்ளே விட்டார்கள். வெட்டியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள், பலர் ஊருக்கு வெளியே இருந்தவர்கள். இறாலுக்கு நெல்லை விடக் குறைந்த கூலியாட்களே போதும் என்பதால் காணியற்றவருக்கு வேலை போயிற்று. மாட்டுக்குப் புல் இல்லை, மரம் பட்டது, குளத்து நீர் குடிக்க முடியாமற் போனது. 1990 நவம்பரில் குல்னா மாவட்டத்தில் இறால் பண்ணைக்கு எதிரான ஊர்வலத்தில் முன்னே சென்ற கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். அந்த ஊரைச் சுற்றிய அணைக்குள் இறாலை விடாமல் மக்கள் காத்தார்கள். நாடு முழுதாகப் பார்த்தால், உவர் தாக்கிய நிலம் 1973இல் 8 இலட்சத்து 33 ஆயிரம் ஹெக்டயராக இருந்தது, 2009இல் 10 இலட்சத்து 56 ஆயிரமாகியது என்று அந்நாட்டு மண்வள நிறுவனம் அளந்திருக்கிறது.

தொண்டைமானாற்றில் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கேள்வி அதேதான்: எந்தத் திகதியில் கதவு திறப்பது, எந்தத் திகதியில் பூட்டுவது, அதைத் தீர்மானிக்கும் மேசையில் கமக்காரர் அமைப்போடு மீனவர் சங்கமும் இருக்கிறதா? ஊருக்கு உதவ விரும்பும் சங்கம் ஒன்று கமக்காரர் பக்கத்துக்கு மட்டும் காசு கொடுத்தால், இரண்டு குடும்பங்களுக்கிடையே இருக்கும் சண்டைக்கு ஒரு பக்கத்தில் நின்று பணம் கட்டுகிறது என்றுதான் அர்த்தம்.

குடிநீர்

கடல் நீரின் ஒரு லிற்றரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. நாக்குக்குச் சவர் தெரியத் தொடங்குவது ஏறத்தாழ 250 மில்லிகிராமில். அதாவது நூறு வாளி நல்ல நீரில் இரண்டு வாளி கடல் நீர் கலந்தாலே 380 ஆகிவிடும், குடிக்க முடியாது. புங்குடுதீவிலும் வேறு தீவுகளிலும் பவுசர் வண்டிக்குக் காத்திருக்கும் குடும்பங்களின் கிணறுகள் வற்றியவை அல்ல. நிறையத் தண்ணீர் இருக்கிறது, குடிக்கத்தான் முடியாது. வேலணையின் சாட்டிப் பகுதியில் மணலுக்குக் கீழே தங்கும் நல்ல நீர் பல ஊர்களுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. மணற்காட்டிலும் வடமராட்சி கிழக்கிலும் மணல் மேடுகள் செய்வதும் அதே வேலைதான். அங்கிருந்து மணல் ஏற்றும் ஒவ்வொரு லொறியும் நீர்த்தாங்கியின் ஒரு துண்டை ஏற்றிக்கொண்டு போகிறது.

சவர்த் தண்ணீர் வெறும் ருசிப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் உண்டு. குல்னாவின் டாகோப் பகுதியில் நடந்த ஆய்வுகள், உப்புக் கூடிய குடிநீருக்கும் கர்ப்பிணிப் பெண்களின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. மறுபக்கம், உப்பில்லாத கிணறெல்லாம் நல்லதும் அல்ல. வலிகாமத்தில் உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. நைத்திரேற்றுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் உப்பேறிய கிணறுகளை உடனே இறைத்துக் கழுவ எல்லோரும் விரும்பினார்கள். கிழக்குக் கரையில் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள் கண்டது, இறைத்ததால் பெரிய பயன் இல்லை, உப்பைக் கீழே தள்ளியது மழைதான் என்பது. அதிகம் இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும் அபாயமும் இருந்தது. அவசரத்தில் காசைச் செலவழிக்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய முடிவு இது.

அரச மட்டத்தில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் ஏற்கவில்லை. அவர்களுடைய பயமும் நியாயமானது, குளம் நிறையாத ஆண்டுகள் உண்டு. அதன் பிறகே தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் என்பது இத்தகைய நிலையங்களின் வழமையான செலவு. முழுக் கொள்ளளவில் இயங்கினால் ஒரு நாளைக்கு 72,000 அலகுக்குக் குறையாது. குடிநீருக்கு இது ஒரு வழி. தோட்டத்துக்கு இந்த நீரைப் பாய்ச்ச எவராலும் கட்டாது.

விலைமனு வரும்போது

கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை அடி ஆழம், அயலில் உள்ள கிணறுகளின் மின்கடத்துதிறன் கோடை முடிவில் எவ்வளவு? குழாய்க்கிணற்றுக் கோரிக்கைக்கு இந்த மூன்று விபரமும் இல்லாமல் நாங்கள் இப்போது கையெழுத்து வைப்பதில்லை. குளம் ஆழப்படுத்தும் கோரிக்கையென்றால், எவ்வளவு ஆழம் வரை என்று கேட்கிறோம். கரையோரக் குளத்தைக் கூடுதலாகத் தோண்டினால் கீழிருக்கும் உப்பு நீர் மேலே வந்துவிடும். சேறு எடுப்பது வேறு, கிடங்கு வெட்டுவது வேறு. சுத்திகரிப்பு இயந்திரமென்றால், அது கழித்து விடும் உப்புக் கூடிய நீர் எங்கே போகும், இரண்டாம் ஆண்டு வடிகட்டி மாற்றும் காசு யார் தருவார் என்பவை இரண்டும் முக்கியம். திறப்புவிழாப் படத்தோடு நின்றுபோன இயந்திரங்கள் போதுமான அளவுக்கு ஊரில் உண்டு.

மழைநீர்த் தாங்கிக்கு யாரும் பெரிதாக விண்ணப்பிப்பதில்லை, ஏனென்றால் அது பார்வைக்கு அபிவிருத்தி போலத் தெரிவதில்லை. கணக்கோ அதன் பக்கம்தான். 100 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,20,000 லிற்றர் விழுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 50 லிற்றர் எடுத்தால், மழை குறைந்த 270 நாளுக்கும் 13,500 லிற்றர் போதும். கூரையில் விழுவதில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை.

இவை எல்லாவற்றிலும் மலிவானது அளவீடு. கையில் பிடிக்கும் மின்கடத்துதிறன் மானி ஒன்றின் விலை, ஒரு சங்க ஒன்றுகூடலின் சாப்பாட்டுச் செலவில் சிறு பகுதி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓரிரு ஆண்டு வந்து அளந்துவிட்டுப் போவார்கள். அதே கிணற்றைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அளக்க ஊரவரால்தான் முடியும். எங்கள் ஊர்ப் பாடசாலையின் உயர்தர மாணவர்களிடம் மானி ஒன்றும் கொப்பி ஒன்றும் கொடுத்திருக்கிறோம். தெரிந்தெடுத்த கிணறுகளில் புரட்டாதிக் கடைசியில் ஓர் அளவு, தை நடுவில் ஓர் அளவு. கிணற்றுக்காரரின் பெயர் வேண்டாம், கிணற்றுக்கு ஓர் இலக்கமும், கரையிலிருந்து அதன் தூரமும், அன்றைய நீர்மட்டமும் எழுதினால் போதும் என்று சொல்லியிருக்கிறோம்.